எண்ணத் தெரிந்தால் படம் வரும்



இந்த இதழின் செய்முறைப் பக்கங்களில் ஒரு பேட்டர்ன் ஜெனரேட்டர் இருக்கிறது. டிவி பழுதுபார்க்கும் கடைகளில் ஒரு காலத்தில் மேசை ஓரத்தில் இருந்த அதே கருவிதான். சதுரங்கக் கட்டம், குறுக்கும் நெடுக்குமான கோடுகள், பட்டைகள் என்று மெக்கானிக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிற படங்களை டிவிக்குள் அனுப்பும் பெட்டி. அதை நாம் ஒரு புரோகிராமபிள் லாஜிக் சிப், ஓர் ஆசிலேட்டர், இரண்டு ரெசிஸ்டர் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே கட்டுகிறோம்.

கலர் பார் படம் இப்போது செல்போனிலேயே கிடைக்கிறதே, இதற்கென ஒரு கருவி எதற்கு என்று எங்கள் ஆசிரியர் குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு எனக்குத் தோன்றும் பதில் இதுதான்: கையில் ஆசிலோஸ்கோப் இல்லாமல், கல்லூரி ஆய்வகம் இல்லாமல், வீட்டு மேசையில் உட்கார்ந்து டிஜிட்டல் வடிவமைப்பைக் கற்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல முதல் வேலை கிடையாது. நீங்கள் செய்த தவறு என்ன, அது எங்கே இருக்கிறது என்பதைத் திரையே காட்டிக்கொடுத்துவிடும். எல்.இ.டி. ஒன்றைக் கண்சிமிட்ட வைக்கும் பயிற்சியில் கிளாக் கொஞ்சம் முன்பின் ஆனாலும் யாருக்கும் தெரியாது. வீடியோவில் ஒரு மைக்ரோ நொடி தவறினாலும் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் அந்தப் படங்களைப் பற்றி. கொத்தனார் ரசமட்டத்தைச் சுவரில் வைத்துப் பார்ப்பது போலத்தான் டெஸ்ட் பேட்டர்னைத் திரையில் வைத்துப் பார்க்கிறோம். அது சரியானது என்பது முன்பே உறுதி. ஆகவே திரையில் கோணல் தெரிந்தால் கோணல் திரையினுடையது. டிவி பிறந்த நாளிலிருந்தே இந்தத் தேவை இருந்தது. முகம் நீண்டு தெரிகிறது என்றால் குறை கேமராவிலா, வழியிலா, வீட்டுப் பெட்டியிலா என்று எப்படிப் பிரித்தறிவது? அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1939இல் கொண்டுவந்த டெஸ்ட் படத்தில், வட்டங்களுக்கும் விசிறிபோல் விரியும் கோடுகளுக்கும் மேலே ஒரு பழங்குடித் தலைவரின் முகம் இருக்கும். அதற்குக் கேமராவே கிடையாது. மோனோஸ்கோப் என்ற குழாயின் உள்ளே ஓர் உலோகத் தகட்டில் படத்தை அச்சிட்டுவிடுவார்கள்; எலக்ட்ரான் கற்றை அதை வரிவரியாக வருடி சிக்னலாக்கும். படம் குழாய்க்குள் அடைபட்டுக் கிடப்பதால் ஃபோகஸ் பிசகாது, வெளிச்சமும் மாறாது.

பிரிட்டனில் பி.பி.சி. 1967 ஜூலை 2 முதல் காட்டிய டெஸ்ட் கார்டு எஃப்பில் ஒரு சிறுமியும் ஒரு கோமாளிப் பொம்மையும் உண்டு. வடிவமைத்த பொறியாளர் ஜார்ஜ் ஹெர்சியின் மகள் கரோல்தான் அந்தச் சிறுமி. அவள் கரும்பலகையில் ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் பெருக்கல் குறி படத்தின் நட்டநடுவைக் குறிக்கிறது. வண்ண டிவிக்கு மனிதத் தோலின் நிறம்தான் கடினமான பரீட்சை. நீலம் கொஞ்சம் கூடினால் சட்டையில் யாரும் கவனிக்கமாட்டார்கள், முகத்தில் எல்லோரும் கவனிப்பார்கள். அதனால்தான் அங்கே ஒரு முகம்.

ஆனால் நம் கருவியின் நேரடி மூதாதையென நான் கருதுவது பிலிப்ஸ் பி.எம்.5544ஐத்தான். கோபன்ஹேகன் அருகிலிருந்த பிலிப்ஸ் ஆய்வகத்தில் 1966–67இல் ஃபின் ஹெண்டில் என்ற டென்மார்க் பொறியாளர் உருவாக்கிய அந்தப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிறப் பின்புலத்தில் வெள்ளைக் கட்டக்கோடுகள், நடுவில் பெரிய வட்டம், வட்டத்துக்குள் வண்ணப் பட்டைகள். அதில் புகைப்படமும் இல்லை, அச்சிட்ட தகடும் இல்லை. முழுப் படத்தையும் மின்சுற்றே நேரத்தை அளந்து அளந்து உண்டாக்குகிறது. படம் என்று எங்கும் எதுவும் சேமித்து வைக்கப்படாமலேயே ஒரு படம் தோன்றுகிறது. இந்த எண்ணம் முதன்முதலில் பிடிபடும்போது வருகிற பரவசத்தை ஒவ்வொரு வாசகரும் அனுபவிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தச் செய்முறையைத் தேர்ந்தோம்.

நேரத்தை எப்படி அளப்பது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று டிவி தொடங்கியது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. 1982இல் வண்ணம் வந்தது. இவ்வளவு மாற்றத்திலும் நம் அனலாக் முறையின் அடிப்படை எண்கள் மாறவில்லை: படத்துக்கு 625 வரி, நொடிக்கு 25 படம். இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு 15,625 வரி. ஒரு வரிக்குச் சரியாக 64 மைக்ரோ நொடி. டிஜிட்டலில் கை நனைத்தவர்கள் 64 என்ற எண்ணைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். 16 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை எடுத்துக்கொண்டால் 64 மைக்ரோ நொடிக்குள் 1024 துடிப்பு. அதாவது 10 பிட் கவுண்டர் 0 முதல் 1023 வரை எண்ணி, யாரும் சொல்லாமலே 0க்குத் திரும்பும் நேரமும் டிவி ஒரு வரியை முடிக்கும் நேரமும் ஒன்றே. ரீசெட் செய்வதற்கென ஒரு கேட்கூட வேண்டாம்.

அந்த 1024இல் 832 துடிப்புகள், அதாவது 52 மைக்ரோ நொடி, படத்துக்கு உரியவை. மிச்சம் 12 மைக்ரோ நொடியில் திரை இருட்டாக இருக்க வேண்டும். அந்த இருட்டுக்குள் முதலில் 24 துடிப்பு சும்மா விட்டு, பிறகு 75 துடிப்புக்கு சிக்னலை அடிமட்டத்துக்கு இறக்குகிறோம். அதுதான் சிங்க், தரம் கேட்கிற 4.7 மைக்ரோ நொடிக்கு 75 துடிப்பு மிக நெருக்கம். பிறகு மீண்டும் கறுப்பு மட்டம், பிறகு அடுத்த வரி. வரிகளை எண்ணுவதற்கு இன்னொரு கவுண்டர், 9 பிட். முறைப்படி 625 வரியை, களங்கள் எனப்படும் இரண்டு அரைப் படங்களாகப் பின்ன வேண்டும்; முதல் கருவியில் அந்தச் சிக்கல் வேண்டாமென்று ஒவ்வொரு களத்துக்கும் 312 வரி என்று முழு எண்ணாக வைத்துவிட்டோம். நொடிக்கு 50க்குப் பதில் 50.08 களம் வரும். பிக்சர் ட்யூப் டிவிகள் இதை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும், சில எல்.சி.டி. டிவிகள் அடம்பிடிக்கும். களத்தின் முடிவில் சில வரிகளுக்கு சிங்க்கைத் தலைகீழாக்கினால் வெர்ட்டிக்கல் சிங்க் கிடைக்கிறது. அந்தத் தலைகீழாக்கத்துக்கு ஒரே ஒரு எக்ஸார் கேட்.

சிப்பிலிருந்து வெளியே வரும் கம்பிகள் இரண்டுதான், ஒன்று சிங்க், மற்றது வீடியோ. டிவியின் மஞ்சள் ஏ.வி. சாக்கெட் 75 ஓம் சுமையாக நிற்கிறது. 3.3 வோல்ட் சிப்பில் சிங்க் கம்பிக்கு 560 ஓம், வீடியோ கம்பிக்கு 240 ஓம் போட்டு இரண்டின் மறுமுனைகளையும் இணைத்துவிடுங்கள். இரண்டும் தாழ்ந்திருந்தால் 0 வோல்ட், சிங்க். சிங்க் கம்பி மட்டும் உயர்ந்தால் ஏறத்தாழ 0.3 வோல்ட், கறுப்பு. இரண்டும் உயர்ந்தால் ஏறத்தாழ 1 வோல்ட், வெள்ளை. ஓம் விதியும் ஒரு தாளும் போதும், நீங்களே போட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கைப் போடாமல் ரெசிஸ்டரைச் சாலிடர் செய்துவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். கருவி ஓடுவதைவிட அது ஏன் ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது நமக்கு முக்கியம்.

இனி சிப். பத்து இருபது 74 வரிசை ஐ.சி.க்களைப் பலகையில் அடுக்கி இதே வேலையைச் செய்த காலம் உண்டு. 1978இல் எம்.எம்.ஐ. நிறுவனத்தில் ஜான் பர்க்னரும் எச்.டி. சுவாவும் கொண்டுவந்த புரோகிராம் செய்யக்கூடிய லாஜிக் அணி அந்த அடுக்கைச் சுருக்கியது. உள்ளே இருக்கும் இணைப்புகளை நாமே எரித்து, எந்த உள்ளீடு எந்தக் கேட்டுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கலாம். ஒருமுறை எரித்தால் எரித்ததுதான். பிறகு அழித்து எழுதும் கேல் சிப்புகள், அவற்றைப் பல மடங்கு பெருக்கிய சி.பி.எல்.டி.க்கள், 1985இல் ஜைலிங்க்ஸின் முதல் எஃப்.பி.ஜி.ஏ. என்று வரிசை நீண்டது. நம் செய்முறை எக்ஸ்.சி.9572எக்ஸ்.எல். என்ற பழைய தலைமுறை சி.பி.எல்.டி.யில் அமைந்திருக்கிறது. அதில் 72 மேக்ரோசெல். ஒவ்வொன்றிலும் ஒரு பிளிப்-பிளாப். வரிக்கு 10, களத்துக்கு 9, மற்றவற்றுக்குச் சில என்று கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய அளவு. கற்பவருக்கு இந்தச் சிக்கனம் நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இடம் நிறைய இருந்தால் யோசிக்காமல் எழுதுவோம்.

அர்டுயினோவிலேயே செய்யலாமே என்பவர்களுக்கு: செய்யலாம், பலர் அழகாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு புராசஸர் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிக்கொண்டே சரியான நேரத்துக்கு சிங்க் கொடுக்க ஓடிவர வேண்டும். புரோகிராமபிள் லாஜிக்கில் ஓட்டமே இல்லை. வரிக் கவுண்டர், களக் கவுண்டர், சிங்க், படம் எல்லாம் ஒவ்வொரு கிளாக் துடிப்பிலும் ஒரே கணத்தில் நகர்கின்றன. நீங்கள் வெரிலாக் மொழியில் எழுதுவது, நிறைவேற்றப்படும் கட்டளைகளின் பட்டியல் கிடையாது; அது ஒரு சுற்றின் விவரிப்பு. மென்பொருள் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். திரையில் படம் வரவழைக்கும்போது அந்தத் தடுமாற்றம் தானாகத் தெளிந்துவிடும்.

படம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். படப்பகுதி தொடங்கும் இடத்தை 0 என வைத்து எண்ணுங்கள். வரிக் கவுண்டரின் 64ஆம் மதிப்புள்ள பிட், 64 துடிப்புக்கு ஒருமுறை மாறும். அதை மட்டும் வீடியோ கம்பியில் விட்டால் செங்குத்துப் பட்டைகள். களக் கவுண்டரின் 32ஆம் மதிப்புள்ள பிட்டை விட்டால் கிடைப்பட்டைகள். இரண்டையும் ஓர் எக்ஸார் கேட்டில் கொடுத்தால் சதுரங்கப் பலகை! குறுக்கே 13 கட்டம், 288 வரிக்கு 9 கட்டம். ஒரு கேட்டுக்கு இவ்வளவு பெரிய படம் வேறெங்கும் கிடைக்காது.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால் கட்டங்கள் சதுரமாக இல்லை. 4:3 திரையில் 13க்கு 9 என்று பிரித்தால் உயரம் அகலத்தைவிட எட்டு சதவீதம் கூடும். திரையின் நீள அகலத்தைச் சரிபார்க்கும் கருவிக்கு இது ஆகாது. அதனால் செய்முறையில் 32க்குப் பதிலாகச் சுமார் 29 வரிக்கு ஒருமுறை மாறும்படி தனிக் கவுண்டர் வைத்திருக்கிறோம். இரண்டின் அடுக்குகளோடு மட்டும் வேலை செய்தால் சுற்று எளிது, படம் பிசகு. படம் சரியாக வேண்டுமென்றால் சில பிளிப்-பிளாப்புகளைச் செலவழிக்க வேண்டும். இந்தப் பேரம் டிஜிட்டல் வடிவமைப்பு முழுவதிலும் நடக்கிறது, இங்கே அதைக் கண்ணால் காணலாம்.

வண்ணத்துக்கு விஜிஏ மானிட்டர் எளிது. 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த 640க்கு 480 முறையில் ஒரு வரிக்கு மொத்தம் 800 புள்ளி நேரம், ஒரு படத்துக்கு 525 வரி. தரத்தின் கிளாக் 25.175 மெகாஹெர்ட்ஸ்; கடையில் கிடைக்கும் 25 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரே போதும். அதை 800ஆல் வகுத்தால் 31,250. நம் டிவியின் 15,625இன் நேர் இரட்டிப்பு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 3.3 வோல்ட்டிலிருந்து ஆளுக்கு 270 ஓம் போட்டால் மானிட்டரின் 75 ஓமில் 0.7 வோல்ட் விழும்.

இப்போது கலர் பார். வெள்ளை, மஞ்சள், சியான், பச்சை, மெஜந்தா, சிவப்பு, நீலம், கறுப்பு. எட்டுப் பட்டைகளும் வழக்கமாக இதே வரிசையில்தான் நிற்கும். பச்சையை மேல் பிட்டாகவும் சிவப்பை நடு பிட்டாகவும் நீலத்தைக் கடைசி பிட்டாகவும் வைத்து 7 முதல் 0 வரை இறங்கி எண்ணுங்கள். 111 வெள்ளை. 110 பச்சையும் சிவப்பும், மஞ்சள். 101 பச்சையும் நீலமும், சியான். 100 பச்சை. இப்படியே 000 கறுப்பு வரை. மூன்று பிட் கவுண்டர் ஒன்று கீழ்நோக்கி எண்ணினால் கலர் பார் முழுதும் வந்துவிடுகிறது. 80 புள்ளிக்கு ஒருமுறை அதை நகர்த்த இன்னொரு சிறு கவுண்டர், அவ்வளவுதான்.

இது தற்செயலா? நம் கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாகவும் நீலம் மிகக் குறைவாகவும் தெரியும். வெள்ளையின் ஒளிர்வை 1 என வைத்தால் பச்சையின் பங்கு 0.587, சிவப்பு 0.299, நீலம் 0.114. சிவப்பும் நீலமும் சேர்ந்தால்கூட 0.413தான், தனிப் பச்சையைத் தாண்டாது. சிவப்பை நீலம் தாண்டாது. ஆகவே பைனரி எண் இறங்கும் ஒவ்வொரு படியிலும் ஒளிர்வும் இறங்குகிறது: 1, 0.886, 0.701, 0.587, 0.413, 0.299, 0.114, 0. பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியில் கலர் பாரைப் பார்த்தவர்களுக்கு வெள்ளையிலிருந்து கறுப்புக்கு இறங்கும் சாம்பல் படிக்கட்டு தெரிந்திருக்கும். எந்தப் படியாவது இடம் மாறித் தெரிந்தால் எங்கோ நிறம் தவறிப் போயிருக்கிறது. மனிதக் கண்ணின் இயல்பும் மூன்று பிட் கவுண்டரும் இவ்வளவு ஒத்துப்போவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

திரை தவறைக் காட்டும் என்று சொன்னேன் அல்லவா, சில உதாரணங்கள். படம் மேலோ கீழோ ஓடிக்கொண்டே இருந்தால், மெக்கானிக்குகள் ரோலிங் என்பார்களே, களக் கவுண்டரைப் பாருங்கள். படம் சாய்ந்து பட்டை பட்டையாகக் கிழிந்தால் வரிக் கவுண்டரின் நீளம் தவறு. கலர் பார் மங்கி, மானிட்டர் முழுவதும் ஏதோ ஒரு நிறச்சாயல் படிந்தால் இருட்டு வேளையில் நிறத்தை அணைக்க மறந்திருக்கிறீர்கள். சிங்க்குக்குப் பின் வரும் அந்த இடைவெளியைத்தான் மானிட்டர் கறுப்பின் அளவாக எடுத்துக்கொள்கிறது. அங்கே வெள்ளையைக் காட்டினால் அது வெள்ளையையே கறுப்பு என்று நம்பிவிடும்.

கொஞ்சம் நுட்பமானது இன்னொன்று. எண்கள் எல்லாம் சரி, ஆனாலும் சில வரிகள் மட்டும் அவ்வப்போது பக்கவாட்டில் துள்ளுகின்றன. கவுண்டர் 511இலிருந்து 512க்குப் போகும்போது பத்து பிட்டும் மாற வேண்டும். எல்லாம் ஒரே நொடித்துளியில் மாறுவதில்லை. அந்தச் சில நானோ நொடிகளில் கேட்டுகள் பொய்யான ஓர் எண்ணைப் பார்த்து, தேவையில்லாத இடத்தில் மெல்லிய சிங்க் ஒன்றைக் கக்கிவிடலாம். மருந்து எளிது: வெளியே போகும் ஒவ்வொரு சிக்னலையும் கடைசியாக ஒரு பிளிப்-பிளாப் வழியாக அனுப்புங்கள். அது கிளாக் விளிம்பில் மட்டுமே பார்க்கும். அதற்குள் எல்லாம் அமைதியாகியிருக்கும். இதைப் பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் மறந்துவிடுவார்கள். துள்ளும் வரி அடங்கி நிற்பதைத் தன் கண்ணால் பார்த்தவர் மறக்கமாட்டார்.

வாங்கும் விஷயத்தில் இரண்டொரு வார்த்தை. வெறும் கிரிஸ்டல் வாங்காதீர்கள். நான்கு கால் உள்ள ஆசிலேட்டர் டப்பாவாகவே வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போக முடிந்தவர்கள் ஜே.டேக் புரோகிராமர் கேபிளையும் அங்கேயே விசாரித்துவிடலாம். புதிதாகப் பலகை வாங்க நினைப்பவர்கள் லாட்டிஸ் ஐஸ்40 குடும்பத்து எஃப்.பி.ஜி.ஏ. பலகையைப் பாருங்கள். கிளேர் வுல்ஃப் தொடங்கிய ஐஸ்ஸ்டார்ம் திட்டம் 2015இலேயே அந்தச் சிப்புகளுக்கு முழுக்க முழுக்கச் சுதந்திர மென்பொருளால் புரோகிராம் எழுதும் வழியைத் திறந்துவிட்டது. பழைய லேப்டாப்பிலும் ஓடும், உரிமக் கட்டணம் இல்லை. நம் மாணவர்களுக்கு இது பெரிய வரம்.

ஓர் எச்சரிக்கையும். பழைய பிக்சர் ட்யூப் டிவியில் சோதிப்பவர்கள் பின்பக்க மூடியைத் திறக்க வேண்டாம். ட்யூபின் ஆனோடில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும். நமக்கு வேண்டியது முன்பக்கமோ பின்பக்கமோ உள்ள மஞ்சள் சாக்கெட் மட்டுமே.

கட்டமும் பட்டையும் முடிந்துவிட்டன, பி.எம்.5544இன் வட்டம் மிச்சம் இருக்கிறது. அதை உங்களிடம் விட்டுவிடுகிறோம். வட்டத்துக்கு வர்க்கம் வேண்டும், ஆனால் பெருக்கும் சுற்று வேண்டாம்: 1, 4, 9, 16 என்ற வர்க்கங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் 3, 5, 7 என்று ஒற்றை எண்களாகவே போகும், ஆகவே கூட்டினால் போதும். நம் 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஒரு வரியின் உயரத்துக்கு 13/6 துடிப்பின் அகலம் சமம் என்பதையும் நினைவில் வையுங்கள். 120 வரி ஆரமுள்ள வட்டம் குறுக்கே 260 துடிப்பு ஆரத்தோடு வர வேண்டும். எஃப்.பி.ஜி.ஏ. வைத்திருப்பவர்கள் தாராளமாக இடம் எடுத்துக்கொள்ளலாம். 72 மேக்ரோசெல்லுக்குள் அடக்கிக்காட்டும் வாசகரின் வடிவமைப்பை முழுப்பக்கத்தில் வெளியிடுவோம். வெரிலாக் கோப்பு, சுற்றுப்படம், திரையின் புகைப்படம் மூன்றையும் அனுப்புங்கள். பிக்சர் ட்யூப் திரையைப் படமெடுக்கும்போது ஷட்டரை 1/25 நொடிக்கு வையுங்கள். மிக வேகமாக வைத்தால் படத்தில் வட்டம் முழுதாக விழாது.

அன்புடன்,
ஆசிரியர்